குழாய்க்கு வரி, அந்த வரிக்கும் வரி

1

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. டெக்சாஸ் மாநிலத்தில் ரவுண்ட் ராக் நகருக்கு வெளியே, மகன் வீட்டு வாசல். வெயில் இருந்தது, ஆனால் வடக்கிலிருந்து காற்று வீசியது. 58 டிகிரி, நம் ஊர்க் கணக்கில் 14. தபால் பெட்டியில் தண்ணீர் நிறுவனத்தின் உறை கிடந்தது. பிரித்துப் படித்தேன். நின்ற இடத்திலேயே மறுபடியும் படித்தேன். உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாளில் வாழ்த்து. இரண்டாம் தாளில் நான்கு தொகைகளும் அடியில் ஒரு கூட்டுத்தொகையும்.

எதற்கான உறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மகன் செந்திலுக்கு இங்கே ஒரு ஏக்கர் நிலம். முன்பக்கத்தில் அவன் வீடு. பின்பக்கத்தில் எனக்கும் என் மனைவி சரஸ்வதிக்கும் ஒரு சிறு வீடு கட்டுவதாக ஏற்பாடு. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. யோசனை மருமகள் நிவேதாவுடையது. அவள் சென்னைப் பெண். மனதில் பட்டதை நேராகச் சொல்வாள், அதில் விஷம் இருக்காது.

"மாமா, அத்தைக்குத் தனி கிச்சன் வேணும். எனக்கும் என் கிச்சன் வேணும். ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்லியா இருக்கும்போதே பண்ணிடலாம்" என்றாள்.

மருமகளின் சமையல் மேடை வெள்ளைக் கல். மஞ்சள் பட்டால் கறை போகாது. தாளித்தால் கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்தும், மாடியிலிருந்து பேத்தி ஓடி வந்து துண்டை வீசுவாள். யாரும் சரஸ்வதியை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததுதான் அவளுக்குக் கஷ்டம்.

"நாப்பத்திமூணு வருசமா அடுப்புக்கு முன்னால யோசிச்சு நின்னதில்லீங்க. இங்க மஞ்சத்தூள் டப்பாவைத் தொறக்கறதுக்கே யோசிக்கறேன்" என்று என்னிடம் மட்டும் சொல்வாள். இந்த நாட்டுக்கு வந்த ஆறு ஆண்டுகளில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்தச் சமையலறை ஒன்றைத்தான்.

வீட்டை மகன் கட்டுகிறான். தண்ணீர் என் பொறுப்பு என்று நான் சொல்லியிருந்தேன். கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மனையை விற்ற பணம் கையில் இருந்தது. மகன் காசிலேயே எல்லாம் நடந்தால், அந்த வீட்டிலும் நாங்கள் விருந்தாளிகள்தானே.

2

எங்கள் பகுதிக்கு நகராட்சித் தண்ணீர் கிடையாது. ஒரு தனியார் நிறுவனம் தருகிறது. என்ன விலைக்குத் தருவது என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம் பார்த்து ஒப்புதல் கொடுக்கும். பின்வீட்டுக்குத் தனி மீட்டர் வேண்டும். எங்கள் வாசல் வரைக்கும் வரும் குழாய் சிறியது, இன்னொரு மீட்டரைத் தாங்காது. தெருத் திருப்பத்திலிருந்து பெரிய குழாய் இழுக்க வேண்டும். செலவு, கேட்பவருடையது.

இதுவரை எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. மின்வாரியக் கணக்குப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் அரிசி ஆலைக்காரர்களுக்கும் கம்பம் நட்டு லைன் இழுக்க இதே போல மதிப்பீடு போட்டுப் பணம் வாங்கியிருக்கிறோம். அதற்கு எங்கள் ஆபீஸில் டெபாசிட் கான்ட்ரிபியூஷன் என்று பெயர். அந்த 'டெபாசிட்' என்ற சொல்லால் வந்த தகராறு கொஞ்சமல்ல. ஒரு பண்ணைக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து என் மேஜை முன்னால் உட்காருவார்.

"டெபாசிட்டை எப்பங்க திருப்பித் தருவீங்க?"

"அது திரும்பாதுங்க."

"அப்பக் கம்பம் என்னுதுங்களா?"

"கம்பம் வாரியத்தோடதுங்க."

"காசு நான் குடுத்தேன், கம்பம் உங்களுது. எனக்கு என்னதாங்க?"

"கரண்டு."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார், அடுத்த ஆண்டு மறுபடி வருவார். ஆனால் அந்தப் பணத்தை வாரியத்தின் வருமானம் என்று நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. அது சொத்துக் கணக்குக்குப் போகும். மக்கள் கொடுத்த காசில் நட்ட கம்பம் எப்படி லாபமாகும்? எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

இங்கே வந்த தாளில் குழாய் நீட்டிப்புக்கு 9,400 டாலர். அதற்குக் கீழே, வருமான வரிக்காக 2,498.73. மீட்டர் இணைப்புக்கு 2,150. அதற்கு வருமான வரிக்காக 571.52. ஆக மொத்தம் 14,620.25.

யாருடைய வருமானத்துக்கு வரி? எனக்கு இங்கே வருமானமே இல்லை. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விளங்கியது. நான் கொடுக்கும் பணம் நிறுவனத்துக்கு வருமானமாம். நூறு டாலர் கொடுத்தால் இருபத்தொன்றை அரசு எடுத்துக்கொள்ளும். மீதி எழுபத்தொன்பதில் நூறு டாலர் குழாய் போட முடியாது. ஆகவே அந்த இருபத்தொன்றையும் நானே தர வேண்டும். தந்தால் அதுவும் வருமானம், அதற்கும் வரி. அந்த வரியையும் நான் தந்தால் அதற்கும் வரி. 9,400-க்கு இப்படித் தாளில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது படியில் ஒரு சென்ட்டுக்குக் கீழே போய்விடுகிறது. கடைசியில் நூறு டாலர் குழாய்க்கு 26 டாலர் 58 சென்ட். தாளில் இருந்த தொகையோடு சரியாகப் பொருந்தியது. கணக்கு சரி. நியாயம்தான் எங்கே என்று தெரியவில்லை.

இப்படி வரிக்கு வரி சேர்த்து வாங்குவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிராஸ்-அப்'.

3

நிறுவனத்துக்கு நானே போன் பண்ணினேன். செந்திலுக்கு ஆபீஸ். அவனிடம் சொன்னால் "ஈமெயில் போட்டுக்கலாம்பா" என்பான், போடமாட்டான்.

இருபத்தாறு நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். என் கான்ட்ரிபியூஷனில் கிராஸ்-அப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை அவளே, "யூ மீன் ரவுண்ட்-அப், சார்?" என்றாள். ஊரின் பெயரிலேயே ரவுண்ட் இருக்கிறது, இவர்கள் இதை இப்படித்தான் சொல்வார்கள் போல என்று நினைத்து, "எஸ், எஸ், ரவுண்ட்-அப். ஃபார் மை கான்ட்ரிபியூஷன்" என்றேன். அவள் குரல் உடனே இளகிவிட்டது. நான் மிகவும் நல்ல மனிதர் என்றாள். கணக்கு எண் கேட்டாள், மகனுடைய பில்லைப் பார்த்துச் சொன்னேன். எல்லாம் முடிந்தது என்றாள். நானும் நன்றி சொல்லி வைத்தேன். இவ்வளவு சுலபமா என்று அன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

அடுத்த மாத பில்லோடு ஒரு நன்றி அட்டை வந்தது. தண்ணீர்க் கட்டணம் கட்ட முடியாத ஏழை வாடிக்கையாளர்களுக்காக, எங்கள் பில்லை முழு டாலராக உயர்த்தி மீதிச் சில்லறையை நன்கொடையாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறோமாம். முதல் நன்கொடை முப்பத்தெட்டு சென்ட்.

நிவேதா அட்டையைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "மாமா, வரியை எடுக்கச் சொல்லி கால் பண்ணி, டொனேஷன் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"நான் தெளிவாத்தான் கிராஸ்-அப்னு சொன்னேன்மா."

பதின்மூன்று வயதுப் பேத்தி மீரா தலையைத் தூக்கினாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "தாத்தா, யூ சேட் கிராஸ்? லைக், த கிராஸ் ஆன் த லான்? இட்ஸ் க்ரோஸ்." நான் சொன்னது புல்லாம். ஓவை நீட்டிக் காட்டினாள். "அண்ட் க்ரோஸ் மீன்ஸ் யக்."

"யக்னா?"

மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். குமட்டலாம். முப்பத்துநான்கு ஆண்டுகள் என் சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளத்தைக் குறித்து முதலில் நின்ற சொல்லுக்கு இந்தப் பிள்ளையிடம் இருக்கும் அர்த்தம் அது. அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இதைப் பற்றி அவளோடு இன்னும் ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை.

4

பிறகு நூலகத்துக்குப் போனேன். மூன்று காலைகள். அங்கே படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஊரில் கணக்குப் பிரிவு நண்பர்களுக்குச் சுவையாக இருக்கும்.

வாடிக்கையாளர் தரும் இந்தப் பணம் வருமானம்தான் என்று 1986-ல் சட்டம் சொன்னது. பத்து ஆண்டு கழித்து, தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் மட்டும் வருமானம் இல்லை என்றார்கள். 2017 கடைசியில் நிறுவனங்களின் வரியை முப்பத்தைந்திலிருந்து இருபத்தொன்றாகக் குறைத்தார்கள். குறைத்த கையோடு அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். 2021-ல், சாலைக்கும் பாலத்துக்கும் போட்ட ஒரு பெரிய சட்டத்தின் மடிப்புக்குள் வைத்து, விலக்கைத் தண்ணீருக்கு மறுபடியும் கொடுத்துவிட்டார்கள். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கொடுக்கவில்லை. ஒரே பள்ளத்தில் மூன்று குழாய்கள் போனால் ஒன்றுக்கு வரியில்லை, இரண்டுக்கு உண்டு.

ஆக, எனக்கு வந்த தாளில் இருந்த 2,498.73 டாலர், நான்கு ஆண்டுகளாக இல்லாத ஒரு வரி. நிறுவனத்தின் பழைய கட்டண அட்டவணையில் அந்த வரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் எடுக்கவில்லை. மதிப்பீடு தொண்ணூறு நாளைக்குத்தான் செல்லும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் எழுதினேன். புகார் போனால் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை.

"அப்பா, காண்ட்ராக்டர் வெயிட் பண்ணமாட்டான். அவன் க்ரூவை வேற சைட்டுக்கு அனுப்பிடுவான். ரெண்டாயிரத்து ஐநூறு நான் போடறேன், விடுங்க" என்றான் செந்தில்.

"நீ போட்டா வரி சரியாயிருமா?"

"வரி சரியாகாது. வீடு முடியும்."

சரஸ்வதி அன்று இரவு படுக்கையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, கட்டிருங்களேன்."

"இல்லாத வரியை எப்படிக் கட்டறது?"

"இல்லாத சமையக்கட்டுல எப்படிச் சமைக்கறதுங்க?"

தைலப் புட்டியை வாங்கி மூடி வைத்தேன். கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டால் இந்த ஊரில் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். கொடுக்கும் முன்தான் நம் கை மேலே. அவளுக்கும் அது தெரியும், வாரியத்துக்காரன் மனைவி.

மே மாதம் சான் ஹோசேயிலிருந்து மகள் கவிதா கூப்பிட்டாள். ஐந்து மாதக் குழந்தை, லீவு முடிந்துவிட்டது, டேகேரில் இடம் கிடைக்கவில்லை. "அம்மா ஒரு ஆறு வாரம் வந்தா போதும்பா. உங்க வீடு ரெடியாகறதுக்குள்ள அனுப்பிடறேன்." சரஸ்வதி இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டாள். ஆறு வாரத்துக்கு இரண்டு பெட்டி எதற்கு என்று கேட்டேன். ஒன்றில் பொடிகள் என்றாள்.

விமான நிலையத்தில் அவள் சொன்னது இதுதான்: "தண்ணி வந்தாச் சொல்லுங்க."

5

ஆகஸ்ட் 19-ம் தேதி பதில் வந்தது. குழாய் நீட்டிப்பின் மீதான வரி, பழைய அட்டவணையின்படி தவறாகச் சேர்க்கப்பட்டது, நிறுவனம் அதை விலக்கிக்கொள்கிறது. ஆனால் மீட்டர் இணைப்பின் மீதான வரி நிற்கும். பெரிய குழாய் எல்லோருக்கும் உதவும் கட்டுமானம், அதிலிருந்து பிரிந்து என் வீட்டுக்குள் வரும் துண்டு எனக்கு மட்டும் செய்யும் சேவை. முதலாவது பங்களிப்பு, இரண்டாவது கட்டணம். சட்டத்தைத் திரும்பப் படித்தேன், அவர்கள் சொல்வது சரிதான். குழாய் தெருவை விட்டுத் திரும்பும் இடத்தில் அதன் பெயர் மாறுகிறது, பெயர் மாறும் இடத்தில் வரி தொடங்குகிறது.

அதோடு புதிய மதிப்பீடு ஒன்று. பழையது ஜூனிலேயே காலாவதி. குழாய் விலையும் கூலியும் ஏறியிருந்தன. நீட்டிப்புக்கு 11,300, இணைப்புக்கு 2,400, இணைப்புக்கு வரி 637.97.

செந்தில் தாளை வாங்கிப் பார்த்தான். "ஜெயிச்சுட்டீங்கப்பா" என்றான். கிண்டல் இல்லாமல்தான் சொன்னான். பிறகு கால்குலேட்டரைத் தட்டி, "மொத்தத்துல முன்னாடி கேட்டதைவிட இருநூத்தி எண்பத்திரெண்டு டாலர் கம்மி" என்றான்.

"அப்படிப் பார்க்கக் கூடாது. இந்த விலைக்கு அந்த வரியைப் போட்டிருந்தா மூவாயிரத்து மூணு டாலர் எண்பது சென்ட் கூட ஆயிருக்கும். அதுதான் மிச்சம்."

"காண்ட்ராக்டர் திரும்பி வர்றதுக்குத் தனியா ஆயிரத்து முந்நூத்தம்பது கேட்கிறான்பா. அதை எதுல சேர்ப்பீங்க?"

தாளை வாங்கி மடித்தேன். இந்தத் தெருவில் அடுத்து யாராவது குழாய் கேட்டால் அவர்களுக்கு அந்த வரி வராது, இது என்னால் நடந்தது என்று மட்டும் சொன்னேன். "கரெக்ட்தான் மாமா" என்றாள் நிவேதா. "தெருவுல பாக்கி எல்லாருக்கும் ஏற்கனவே தண்ணி வருது."

சரஸ்வதிக்குப் போன் பண்ணினேன்.

"மெல்லப் பேசுங்க, பாப்பா இப்பத்தான் தூங்கினா."

"வரியை எடுத்துட்டாங்க சரசு. மூவாயிரத்து மூணு டாலர் மிச்சம்."

"எத்தன மாசமாச்சுங்க?"

"அஞ்சு."

"மாசம் அறநூறு." அந்தப் பக்கம் குழந்தையின் மூச்சு கேட்டது. "கவிதா சொன்னா, டேகேர்ல விட்டா மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சமாம். நான் உங்களைவிட நல்லாச் சம்பாரிக்கறேனுங்க."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆறு வாரம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. டேகேரில் இடம் கிடைத்ததா என்று கேட்டேன். ஜூலையிலேயே கிடைத்ததாம். மகள்தான் வேண்டாம் என்றாளாம்.

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னங்க சொல்றது. காலைல ஏழு மணிக்கு ரெண்டு பேரும் கிளம்பிப் போயிர்றாங்க. அப்பறம் பொழுது சாயற வரைக்கும் இங்க அடுப்பு என்னுதுங்க. நேத்து அரிசிம்பருப்பு சோறு ஆக்கினேன். இன்னிக்குக் கொள்ளு கடைஞ்சேன். மேடையெல்லாம் மஞ்சளாக் கெடக்குது, ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. வாடகை வீடுதானுங்களே."

அவள் குரலில் அப்படியொரு நிம்மதியை நான் கேட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அவள் வேண்டியது அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் கட்டித்தருகிற இடத்தில் அல்ல, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பணத்தைக் கட்டினேன்.

6

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, பின்வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று, பிறகு கலங்கல், பிறகு தெளிவு. நிவேதா போனைத் தூக்கிப் பிடித்து சான் ஹோசேக்கு வீடியோவில் காட்டினாள். சமையல் மேடைக்குக் கறுப்புக் கல்லைத் தேர்ந்தெடுத்தது அவள்தான், மஞ்சள் தெரியாது என்று. அலாரத்தை அடுப்புக்கு எட்டாத மூலையில் வைக்கச் சொன்னதும் அவள்தான்.

"அத்தை, பாருங்க. ஃபுல்லா உங்க ஸ்டைல்."

"நல்லாருக்குது கண்ணு. ரொம்ப நல்லாருக்குது." சரஸ்வதியின் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது, பிறகு குழந்தையின் கை வந்து மறைத்தது. "ஏனுங்க, அங்கதான் நிக்கறீங்களா? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. எப்ப வர்றே?"

"பாப்பா எட்டு வைக்கட்டுங்க. தேதி பார்த்துச் சொல்றேன்."

நிவேதா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வேலை இருப்பது போல முன்வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்கு நான்கு பல் என்றாள் சரஸ்வதி. இங்கே இன்னும் 88 டிகிரி, நம் கணக்கில் 31 என்றேன். போனை வைத்த பிறகு குழாயைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். முன்வீட்டுத் தண்ணீரும் இதே தண்ணீர்தான். நான் வரி இல்லாமல் வாங்கிய குழாய் வழியாக வந்தது என்பது நாக்குக்குத் தெரியவில்லை.

இப்போது ராத்திரி பின்வீட்டில் படுக்கிறேன், சாப்பாடு முன்வீட்டில். இந்த அடுப்பை இன்னும் யாரும் பற்றவைக்கவில்லை. பற்றவைக்க எனக்குத் தெரியும். அவளுக்கு முந்திக்கொண்டு செய்ய மனம் வரவில்லை.

கணக்கை எழுதி வைத்துவிட்டேன். குழாய் நீட்டிப்பு 11,300. மீட்டர் இணைப்பு 2,400. இணைப்புக்கு வரி 637.97. காண்ட்ராக்டர் திரும்பி வந்ததற்கு 1,350. சான் ஹோசேயிலிருந்து வர ஒரு டிக்கெட், அதற்காகக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அதைச் சேர்க்காமல், இன்று வரை பதினைந்தாயிரத்து அறுநூற்று எண்பத்தேழு டாலர், தொண்ணூற்றேழு சென்ட்.